ஆறில்லாத ஊரிலிருந்து பேக்கர் அருவிக்கு

அம்மாவிடம் ஒரு படம் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் விடுமுறையில் எடுத்தது. பாவாடை தாவணியும் அதன்மேல் இரவல் கம்பளிச் சட்டையுமாக இருபத்திரண்டு மாணவிகள், இரண்டு ஆசிரியைகள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளையாகக் கலங்கித் தெரிவது ஹோட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி. இடது ஓரத்தில், படம் பிடித்தவரின் கவனக்குறைவால் பாதி வெட்டுப்பட்டு, முதுகில் ஒரு கடகத்துடன் இன்னொரு பெண் நிற்கிறார்.

1995 ஒக்ரோபர் கடைசியில் ஊரே எழும்பி நடந்தபோது அம்மா தோளில் கொழுவிய பைக்குள் இருந்தவை எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, இந்தப் படம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அதைக் கண்டு, “இதையேன் கொண்டு வந்தனீங்கள்?” என்று நான் எரிச்சலோடு கேட்டது நினைவிருக்கிறது. நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி சங்கம் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் இந்தப் படம்தான்.

யாழ்ப்பாணத்தாருக்கு அருவி என்பது பாடப்புத்தகப் பொருள். எங்களிடம் மலை இல்லை. கீரிமலையின் பெயரில் மட்டும் ஒன்று உண்டு. ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கை ஆறு. அதுவும் மாரியில் மட்டும் ஓடும். குடாநாடு முழுவதும் சுண்ணக்கல். பெய்த மழை கல்லின் வெடிப்புகளூடே கீழிறங்கித் தேங்கி நிற்க, அதைக் கிணறு வெட்டித் துலாவால் இறைத்துக் குடித்தோம், புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பாய்ச்சினோம். எங்கள் நீர் கீழே இருப்பது, மேலிருந்து விழுவதல்ல. அதனால்தானோ என்னவோ, “மத்திய மலைநாடு” என்ற பாடம் வந்தால் வகுப்பில் ஒரு தனி அமைதி உண்டாகும். எங்களுக்குப் புவியியல் கற்பித்த ரீச்சர் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து மேசையில் வைத்து, அதன்மேல் சோக்கால் கோடு கீறி, ஹோட்டன் சமவெளியிலிருந்து மூன்று ஆறுகளுக்கு நீர் பிரிவதைக் காட்டுவா. அக்ரா ஓயா கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. இன்னொரு பக்கத்து நீர் களனிக்கு. பேக்கர் அருவியாக விழும் பெலிஹுல் ஓயா தெற்கே இறங்கி வளவை கங்கையோடு சேர்ந்து அம்பலாந்தோட்டையில் கடலை அடைகிறது. மகாவலி மாத்திரம் 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. இவ்வளவையும் நாங்கள் ஜாம்போத்தல் விளக்கில் பாடமாக்கினோம். சிரட்டையைத் தவிர வேறு மலையைப் பார்க்கவில்லை.

ஹோட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயரமானது. அதன் ஓரங்களில் கிரிகல்பொத்த, தொட்டுபொல என்ற சிகரங்கள் எழுகின்றன. சிங்களத்தில் இதன் பழைய பெயர் மகா எலிய, பெரிய வெட்டைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். கற்கால மனிதரின் கருவிகள் இங்கே கிடைத்திருக்கின்றன. அப்படியிருந்தும் 1834இல் வேட்டைக்கு வந்த இரண்டு ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் இதைக் “கண்டுபிடித்தார்கள்” என்றுதான் நாங்கள் படித்தோம். கண்டுபிடித்ததும் அப்போதைய ஆள்பதி சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை வைத்தார்கள்.

இந்தப் பெயரில் ஒரு கதை உண்டு. பெண்கள் கல்லூரி மலரில் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த மனிதர் பிறப்பில் வில்மட் மட்டுமே. ஹோட்டன் என்பது அவருடைய மனைவி ஆன் பியற்றிக்ஸ் ஹோட்டனின் தகப்பன் வழிப் பெயர். மாமனாரின் விருப்பப்படி 1823இல் அதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பைரன் என்ற கவிஞர் தம் புகழ்பெற்ற கவிதையொன்றை எழுதியதும் இந்த ஆன் அம்மையாரைக் கண்ட பிறகே. ஆக, எங்கள் நாட்டின் அதியுயர்ந்த சமவெளி ஒரு பெண் கொண்டுவந்த பெயரைத் தாங்கி நிற்கிறது, அது எவருக்கும் தெரியாமலே. கனடாவிலிருக்கும் சகோதரிகளுக்கு இன்னொரு செய்தி: ஆள்பதியாக இங்கே வருமுன் குடியேற்ற நாடுகளின் துணைச் செயலாளராக இருந்த காலத்தில், ஏழைகளைக் கப்பலேற்றி வெளிநாட்டில் குடியமர்த்துவதை இவர் பெரிதும் ஊக்குவித்தார். 1825இல் அப்படி மேல் கனடாவுக்கு அனுப்பப்பட்ட ஐரிஷ் ஏழைகள் குடியேறிய ஊர்தான் ரொறன்ரோவுக்கு வடகிழக்கேயுள்ள பீற்றர்பரோ.

இனி பேக்கர். சாமுவேல் பேக்கர் 1846இல் யானை வேட்டைக்காக இலங்கை வந்தவர். காய்ச்சலில் விழுந்து, உடம்பு தேற நுவரெலியாவுக்குப் போய், அந்தக் குளிரில் மயங்கி, 1848இல் குடும்பத்தோடும் மாடு, ஆடு, கொல்லன் சகிதமும் திரும்பி வந்து ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அங்கு நிறுவ முனைந்தார். நாய்களை ஏவி மரைகளைத் துரத்தி, நீரோடையில் மடக்கிக் கத்தியால் குத்திக் கொல்வது அவருக்குப் பிடித்த விளையாட்டு. இதையெல்லாம் பெருமையாக இரண்டு புத்தகங்களாக எழுதி 1854இலும் 1855இலும் வெளியிட்டார். 1855இல் நாட்டை விட்டுப் போய்விட்டார். ஏறத்தாழ 20 மீற்றர் உயரமான அந்த அருவிக்கு அவருடைய பெயர் நிலைத்துவிட்டது.

பேக்கரின் அடுத்த அருவி ஆபிரிக்காவில். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன அவர், 1864இல் இன்றைய உகண்டாவில் ஒரு பேரருவியைக் கண்டு, அரச புவியியல் சங்கத் தலைவர் மேர்ச்சிசனின் பெயரை அதற்கு வைத்தார். அந்தப் பயணத்தில் காய்ச்சலோடும் பட்டினியோடும் அவருக்கு ஈடாக நடந்தவர் புளோரன்ஸ் என்ற இளம்பெண். அநாதையாகி, 1859இல் வீடின் நகர அடிமைச் சந்தையில் விலைக்கு நின்றவர். பேக்கர் அங்கிருந்து அழைத்துச் சென்று பின்னர் மணந்தார். இங்கிலாந்து திரும்பியதும் பேக்கருக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. புளோரன்சைச் சந்திக்க விக்ரோறியா மகாராணி மறுத்துவிட்டார். மேர்ச்சிசனின் பெயரை அந்த அருவி தாங்குகிறது. மேர்ச்சிசன் அந்தப் பக்கமே போனதில்லை.

வேட்டைக்காரரின் கையிலிருந்து இந்தச் சமவெளி தப்பியது எப்படி? கோப்பிக்காகக் காடுகள் மளமளவென்று விழுந்துகொண்டிருந்த காலத்தில், இலண்டன் கியூ பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விடும்படி ஆலோசனை கூறினார். 1873இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. மரத்தின் மேல் கொண்ட இரக்கமல்ல, ஆறுகள் வற்றினால் தோட்டங்களும் வற்றும் என்ற கணக்கு. எந்தக் கணக்காக இருந்தாலும், அது இல்லாவிட்டால் இன்று அங்கே அருவி இருந்திராது. 1960களில் ஒருமுறை சமவெளியில் விதை உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பார்த்தார்கள். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாக்கி, 1988இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். பரப்பு 3,160 ஹெக்ரெயர். 2010இல் யூனெஸ்கோ, இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில், சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து இதை உலக மரபுரிமையாக அறிவித்தது.

5,000 அடிக் கோட்டுக்குக் கீழே நடந்த கதை வேறு. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பியில் இலைநோய் பரவி, பின்பு தேயிலை வந்தபோது, வருடம் முழுவதும் கொழுந்து பறிக்கக் கைகள் தேவைப்பட்டன. பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிரந்தரமாகின. 1885இல் நானுஓயாவுக்கும் 1893இல் ஹப்புத்தளைக்கும் புகையிரதம் போய்ச் சேர்ந்தது. மலையைக் குடைந்து, கல்லுடைத்துப் போட்ட பாதை அது. இலங்கையின் அதியுயர்ந்த நிலையமான பட்டிப்பொல அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அதற்கு அடுத்தது ஒகிய.

அம்மாவின் வகுப்பு இறங்கியது அந்த ஒகியவில்தான். யாழ்தேவியில் ஏறி, பொல்காவலையில் மாறி, பதுளை வண்டியைப் பிடித்திருக்கிறார்கள். யாழ்தேவி ஓடத் தொடங்கி அப்போது எட்டு வருடம். ஒகியவிலிருந்து சமவெளிக்கு 11 கிலோமீற்றர் ஏற்றம். கட்டுச்சாப்பாடும் போர்வைகளும் இரண்டு பெரிய பனையோலைக் கடகங்களில் இருந்தன. ஸ்ரேசன் மாஸ்ரர் யாழ்ப்பாணத்தவர். அந்தக் காலத்தில் மலைநாட்டில் ஸ்ரேசன் மாஸ்ரர், தோட்டத்துப் பெரிய கிளாக்கர், மருந்தாளர் எல்லாம் பெரும்பாலும் எங்கள் ஆட்கள்தான். “எங்கட பிள்ளையள் சுமக்கவோ?” என்று அவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பெண்களைக் கூப்பிட்டுவிட்டாராம். ஒருத்தி வயதானவர், பங்களாவடியில் நின்றுவிட்டார். மற்றவர் கடகத்துக்குக் கயிறு கட்டி, கொழுந்துக் கூடை மாட்டுவதுபோலக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு அருவி வரை வந்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் நிற்பவர் அவர்தான். வழியில் அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரம் பூசச் சொன்னது, மூடுபனி வருமுன் உலக முடிவைப் பார்த்துவிட வேண்டும் என்று விரட்டியது, அருவியடியில் வழுக்கும் கல் எது என்று காட்டியது எல்லாமே அவர்தான்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தேழு வயது. காலையில் குளிசை போட்டாரா என்பது மறந்துபோகும். ஆனால் அந்தப் படத்திலுள்ள இருபத்திரண்டு பேரின் பெயரையும், யார் யாரைக் கட்டினார்கள், எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதையும் வரிசையாகச் சொல்லுவா. ஓரத்தில் நிற்பவரிடம் விரல் வந்ததும் நின்றுவிடும். “அந்தப் பிள்ளைக்கு எங்கட வயதுதான் இருக்கும். பேரைக் கேக்கவேணுமெண்டு ஒருத்தருக்கும் தோணேல்லை.”

அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருந்தது, நாடு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியிருந்தது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. இந்தக் கேள்வியில்தான் தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டு 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது என்பது உயர்தர வகுப்பில் நாங்கள் படித்த சங்கதி. படித்தோமே தவிர, வீட்டில் ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல் புழங்கியபோது அதைத் திருத்தியதாக நினைவில்லை. அம்மாவின் வகுப்பு அருவியைப் பார்த்து வந்து ஆறு மாதத்தில், 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு பிரதமர்கள் மனிதரைப் பிரித்துக்கொண்டார்கள். படத்திலுள்ள பெண் எந்தத் தொகைக்குள் விழுந்தார்? தலைமன்னாரில் கப்பலேறிப் போயிருக்கலாம். தோட்டத்திலேயே இருந்திருக்கலாம். அல்லது எங்கள் பக்கம் வந்திருக்கலாம்.

எங்கள் பக்கம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1977இலும் 1981இலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் பல, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறின. போர் முடிந்தபின் சில காலம் கிளிநொச்சி மாவட்டத்தில் பணியாற்றினேன். இரத்த அழுத்தக் கிளினிக்குக்கு வரும் மூதாட்டிகளில் சிலருக்கு உச்சியில் முடி தேய்ந்து ஒரு கோடு இருக்கும். முதலில் தோல் நோயாக இருக்குமோ என்று பார்த்தேன். கேட்டபோது சிரித்தார்கள். கூடைக் கயிறு அழுத்திய தடம். இறங்கி வந்து முப்பது வருடமாகியும் மறையவில்லை. அதன்பிறகுதான் அம்மாவின் படத்தை நான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும்.

எங்கள் வகுப்புக்குக் கல்விச் சுற்றுலா என்று ஒன்று இருக்கவில்லை. 1990 ஜூனில் யாழ்தேவி நின்றபோது நான் ஆறாம் வகுப்பைத் தாண்டியிருந்தேன். பிறகு கிளாலிக் கடலேரியில் இரவுப் படகு. அதன் பிறகு பாஸ் எடுத்துக் கப்பல். 2002இல் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடியது. புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரில். இருபத்துநான்கு வருடம். ஒரு பிள்ளை பிறந்து, படித்து, பட்டம் பெற்று வெளியேறும் காலம். எங்களுக்குக் கீழே படித்த எத்தனையோ வகுப்புகள் மத்திய மலைநாட்டைச் சோக்குக் கோடாகவே பார்த்துவிட்டுப் போயின.

2018 ஜனவரியில் நாங்கள் ஆறு பேர் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து இருவர், கொழும்பிலிருந்து ஒருத்தி, இலண்டன், ரொறன்ரோ, மெல்பேணிலிருந்து ஒவ்வொருத்தி. நாற்பதை எட்டிக்கொண்டிருந்த முழங்கால்கள். விடியப்புறம் நாலரைக்கு நுவரெலியாவில் வான் ஏறினோம். வாசலில் பைகளைத் திறந்து பொலித்தீனைத் தேடினார்கள். மெல்பேண்காரி அம்மாவிடம் சொல்லிச் சுடுவித்த பயற்றம் பணியாரம் பொலித்தீன் பையிலிருந்து கடதாசிக்கு மாறியது. வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் மனிதரைப் பற்றிய கவலையின்றி நின்றன. பேக்கரின் நாய்கள் துரத்திய மரைகளின் வழிவந்தவை.

சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். பாதை பிரியும் இடத்தில் உலக முடிவின் பக்கம் முதலில் போவதே புத்தி, காலை ஒன்பது பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழும்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும். சுமார் 870 மீற்றர் நேர்க்கீழாக இறங்கும் அந்தச் செங்குத்து விளிம்பில் வந்து நின்றபோது அதுவரை கதைத்துக்கொண்டு வந்தவர்கள் வாயை மூடினோம். அங்கிருந்து திரும்பி, குட்டையான, முறுகிய, பாசி தொங்கும் மரங்களூடே அருவிக்கு இறங்கவேண்டும். இறக்கம் செங்குத்தானது, வேர்களே படி. என்னுடைய ஆலோசனை: ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் பயப்படவேண்டாம், இறக்கத்தில்தான் முழங்காலுக்கு வேலை, ஒரு தடி கொண்டுபோங்கள். அருவியைக் காணுமுன் அதன் சத்தம் கேட்கிறது. கரையில் மரப்பன்னங்களும், சிங்களத்தில் மகரத்மல் என்னும் செம்பூ மரங்களும். நீர் கறுப்புப் பாறையில் படிப்படியாக விரிந்து வெள்ளைச் சேலைபோல் விழுகிறது. குளிக்க இறங்கக்கூடாது, சுழியில் ஆட்கள் மாண்டிருக்கிறார்கள். துலாவில் ஒவ்வொரு வாளியாக நீர் எடுத்துப் பழகிய கண்ணுக்கு, இவ்வளவு தண்ணீர் யாரும் இறைக்காமல் தானே வந்து விழுவது கொஞ்சம் அநியாயமாகக்கூடப் பட்டது.

அங்கே நின்று வகுப்பை எண்ணினோம். முப்பத்தெட்டுப் பேர். வெளிநாட்டில் இருப்பதால் வரமுடியாதவர்கள் ஒரு பட்டியல். இனி ஒருபோதும் வரமுடியாதவர்கள் மற்றொன்று. இரண்டாவது பட்டியல் நான் நினைத்ததை விட நீளமாக இருந்தது. பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. பணியாரத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியில் வான் ஓட்டிய தம்பி, “அக்கா, யாழ்ப்பாணமா நீங்க? எங்க சித்தி கிளிநொச்சியிலதான் இருக்காங்க. எழுபத்தேழுல போனவங்க. நான் இன்னும் அங்க வந்ததில்ல” என்றார். பட்டிப்பொலப் பக்கம் தோட்டம். எங்கள் அம்மாவின் படத்தைத் தொலைபேசியில் காட்டினேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, நேரமெடுத்துப் பார்த்தார். “கயிறு மாட்டியிருக்கிற விதத்தப் பாருங்க. நம்ம ஆளுதான்” என்றார். தன் ஆச்சியிடம் காட்டுவதற்குப் படத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஆச்சிக்குத் தெரியவில்லை, ஆனால் ஒகியவில் விசாரிப்பதாகச் சொன்னாராம்.

அந்தப் படம் இந்த மலரில் அச்சாகிறது. முன்பு ஒருமுறை அதைப் பெரிதாக்கியபோது ஓரத்தை வெட்டிவிட்டார்கள். இம்முறை முழுதாகப் போடும்படி பதிப்பாசிரியரைக் கேட்டிருக்கிறேன். நிற்பவர்கள், இருப்பவர்கள் பெயரெல்லாம் அம்மா சொல்லி நான் எழுதியது. பிழை இருந்தால் அறியத்தரவும். இடது கோடியில் கடகத்துடன் நிற்பவர், 1964 ஏப்ரலில் ஒகிய நிலையத்தருகே ஒரு தோட்டத்தில் வேலைசெய்தவர், அப்போது வயது பதினேழு அளவில் இருக்கலாம். அவரையோ அவருடைய பிள்ளைகளையோ அறிந்தவர்கள், இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ எங்கிருந்தாலும், தயவுசெய்து சங்கத்துக்கு எழுதுங்கள்.